ஃபார் சுழலுக்குள் :: குறிப்புரை தரும் டிரைவ் பிழை

உங்கள் பேட்ச் கோப்பில் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக இயக்கும் உரைக்கோப்பு), ஃபார் (for) சுழலின் அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்து இரண்டு :: வரிகளைக் குறிப்புரையாக எழுதியுள்ளீர்கள்; இயக்கினால், குறிப்பிட்ட டிரைவைக் காண முடியவில்லை என்ற பிழை வருகிறது. அந்த :: வரிகளை நீக்கி, அவ்விடத்தில் குறிப்புரைக்கான ரெம் (rem) கட்டளையை இடுங்கள், பிழை நின்றுவிடும்.

விண்டோஸ் கட்டளை மொழியில் :: குறிப்புரைக்கென வகுக்கப்பட்ட குறியே அன்று. முக்காற்புள்ளியில் (:) தொடங்கும் வரி ஒரு லேபிள், அதாவது கோட்டூ (goto) கட்டளை தாவிச் செல்வதற்கான இடப்பெயர். இரண்டாவது முக்காற்புள்ளி அதை எந்த கோட்டூ கட்டளையும் சென்றடைய முடியாத லேபிளாக்குவதால், டாஸ் காலத்திலிருந்தே பலர் அதைக் குறிப்புரையாகக் கையாண்டு வருகின்றனர். சுழலுக்கு வெளியே அது தொல்லை தருவதில்லை. அடைப்புக்குறிக்குள்ளோ, லேபிளை அடுத்த வரி கட்டளையாகவே வாசிக்கப்படுவதால், உங்கள் கோப்பில் உள்ளதுபோல் அடுத்தடுத்து இரண்டு :: வரிகள் வந்தால், இரண்டாவது வரி ஒரு டிரைவின் பெயராகக் கொள்ளப்படுகிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

உறுதிசெய்ய, இரண்டாவது :: வரியை மட்டும் நீக்கி, முதலாவதன் கீழ் திரையில் எழுத்தைக் காட்டும் ஓர் எக்கோ (echo) கட்டளை இருக்கும்படி வைத்து இயக்கிப் பாருங்கள். பிழை வராவிட்டால் காரணம் இதுவேதான். ஆனால் மூடும் அடைப்புக்குறிக்கு நேர்மேலே :: வரி ஒன்றே இருந்தாலும் வேறொரு பிழை எழும் என்பதால், இந்நிலையை அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

ரெம்முக்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரெம் வரியிலும் விழுக்காட்டுக் குறிகள் (%) விரிக்கப்படும், அதாவது அவை குறிக்கும் மதிப்பு அங்கே இடப்படும். குறிப்புரைக்குள் %~ என்று தனியே எழுதினால், அதுவும் கோப்பை நிறுத்திவிடும்.