காரணியே காட்டாம பகு எண்ணுன்னு சொல்லுதா? அது பிழை இல்லீங்க
300 இலக்க எண்ணைப் பகு எண்ணுன்னு சொல்ற ப்ரோக்ராம் ஒரு காரணி கூட தரலயே, பக்-ஆன்னு கேட்டிருந்தீங்க. இல்லீங்க, அது ஃபெர்மா சோதனை பண்ணுது, அதாவது காரணியைத் தேடாம, பகா எண்ணுக்கு வந்தே ஆக வேண்டிய மீதி வருதான்னு மட்டும் பாக்குது. 91ஐ எடுங்க, அது பகா எண்ணா இருந்தா 2ஐ 90 தடவை பெருக்கி 91ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும், ஆனா 64 வருது, அப்போ 7, 13 யாருன்னே தெரியாம 91 பகு எண்ணுன்னு நிரூபணம் ஆயிடுச்சு, எனக்கு இது இன்னும் பிரமிப்புதான்! 3,15,653 இலக்கம் உள்ள F20ங்கிற ஃபெர்மா எண்ணும் (2^(2^20) + 1) இப்படித்தான், 1987லயே பகு எண்ணுன்னு தெரியும், காரணி ஒன்னுகூட இதுவரை சிக்கல. ஒன்னு மட்டும் கவனிங்க, மீதி 1 வந்தா பகா எண்ணுன்னு முடிவு பண்ணிடாதீங்க, 561 பகு எண்தான் (3×11×17), ஆனா அதுக்கும் 1தான் வரும். அதனால 561 மாதிரி எண்களையும் பிடிச்சிடுற, இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனைக்கு மாத்திடுங்க.