சனிக்கிழமை ஆன்லைன் ஆலோசனையில் என்ன கேட்பது?

அண்ணே, தண்டையார்பேட்டையில் வீடு, ஹார்பரில் டிரெய்லர் ஓட்டும் வேலை, மகளுக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட். சனிக்கிழமை வீடியோ காலில் கல்வி உதவி ஆலோசனை, என்ன கேட்பதென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கவுன்சிலிங்கில் தந்த சீட் ஒதுக்கீட்டு ஆணையைப் பாருங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை கார்ப்பரேஷன் பள்ளி என்றீர்களே, சீட் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வந்ததா? அப்படியென்றால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். கடன் பேச்சே வேண்டாம். பொதுவில் வந்தது என்றால் முதல் பட்டதாரி சலுகையைக் கேளுங்கள். அது வீட்டில் ஒருவருக்குத்தான், படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். எப்படியிருந்தாலும் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். மகள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும்.

என் பையனுக்கு நடந்த ஆலோசனையில் பாதி நேரம் வீண். வருமானச் சான்றில் என் பெயர் ஒரு மாதிரி, அவன் மார்க் ஷீட்டில் வேறு மாதிரி. கேமராவில் காட்டினால் லேமினேஷன் மேல் டியூப்லைட்தான் பளபளத்தது! எல்லாவற்றையும் முன்னாடியே ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்து எழுத்தாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், மகளையே பேச விடுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் என்ன போட்டிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.