சிலிக்கோன் பிரேக் ஆயில்: பழைய கார்க்காரர்கள் கேட்டவை

கேள்வி: அண்ணா, என்னிடம் மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. பழைய பிரேக் ஆயிலை வடித்துவிட்டு சிலிக்கோன் வகையான டாட் 5 ஊற்றினால் போதுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: போதாது தம்பி. வழக்கமான பிரேக் ஆயில்களான டாட் 3, டாட் 4 கிளைகால் என்ற ரசாயன வகை. சிலிக்கோன் அதோடு கலக்காது. பைப்பில் தங்கிய மிச்சம் அப்படியே தனியாக நிற்கும். அதைவிடப் பெரிய தலைவலி ரப்பர். வருஷக்கணக்கில் கிளைகாலில் ஊறிய வாஷர்கள் புது ஆயிலில் கசிய ஆரம்பிக்கலாம். அதனால் பிரேக்கை முழுதாகப் பிரிக்கும்போதுதான் மாற்ற வேண்டும். மைனரில் முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு ஒன்று என ஆறு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் உருளை). எல்லாவற்றுக்கும் புது ரப்பர், புது ஹோஸ். பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காற்றடித்துக் காயவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) டிரைவர் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதை இரண்டு முறை கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்?

பதில்: மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு லாபம்தான். கிளைகால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். சிலிக்கோன் உறிஞ்சாது. மட்கார்டில் சிந்தினாலும் பெயிண்ட் உரியாது. தினமும் ஓடும் வண்டி என்றால் டாட் 4 போட்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதுவே போதும்.

கேள்வி: அப்போ சிலிக்கோனை மாற்றவே வேண்டாமா?

பதில்: வேண்டும். மூடி வழியாக நுழைந்த தண்ணீர் ஆயிலில் கரையாமல் கீழே இறங்கி வீல் சிலிண்டரில் தேங்கும். அந்த இடம் மட்டும் அரிக்கும். சூடு 100 டிகிரி தாண்டினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, பெடல் தரைக்குப் போய்விடும்.

கேள்வி: மாற்றியதிலிருந்து பெடல் மெத்தென்று இருக்கிறது.

பதில்: டப்பாவைக் குலுக்கியிருப்பீர்கள். சிலிக்கோனில் நுண்குமிழிகள் சீக்கிரம் அடங்காது. மெதுவாக ஊற்றி, பெடலையும் மெதுவாக மிதித்து ஏர் எடுங்கள், அதாவது பைப்பில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஒரு இரவு விட்டு மறுபடி எடுங்கள். அப்புறமும் கிளைகால் அளவுக்குக் கெட்டியாக இருக்காது, அது அதன் சுபாவம்.

கேள்வி: கடையில் டாட் 5.1 தருகிறார்கள், அதுவும் சிலிக்கோனா?

பதில்: இல்லை, கிளைகால். டாட் 5 ஊதா நிறத்தில் இருக்கும். ஏபிஎஸ் (சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியில் டாட் 5 ஊற்றவே கூடாது.

கேள்வி: பிரேக் லைட் எரியவில்லை. பல்ப் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: ஆயில் அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச்தானே? சிலிக்கோன் போட்ட பலர் சொல்லும் புகார் இது. புதிது போட்டாலும் திரும்பப் போகலாம். பெடலில் இயங்கும் சாதாரண சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.