பலூன் கடன் முடியுமுன் மின்காருக்கு மாறலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், அதற்கு முந்தைய காரின் பாக்கியையும் சேர்த்து, 340,000 ரான்ட் கடனில் ஒரு பெட்ரோல் கார் எடுத்தேன். 72 மாதத் தவணை, வட்டி 11.5%, கடைசியில் 35% பலூன் (தவணைகள் முடிந்தபின் ஒரே தடவையில் கட்ட வேண்டிய கடன் பகுதி). மாதம் 5,404 ரான்ட் கட்டுகிறேன். கார் விற்பனையில் இருக்கும் என் கொழுந்தனார், "அண்ணி, பெட்ரோலுக்குக் கொட்டினது போதும். 540,000-க்கு மின்கார் இருக்கு. பழசை 150,000-க்கு எடுத்துக்கிறோம், மீதிப் பாக்கியைப் புதுக் கடன்ல சேர்த்துடலாம்" என்கிறார். தவணை மாதம் 9,650-க்குள் வருமாம். எனக்குப் பேட்டரியை நினைத்தால்தான் பயம். எட்டு வருடத்தில் செத்துவிடும் என்கிறார்களே? காரைத் தெருவில்தான் நிறுத்துகிறோம்.

பதில்: நீங்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் பேட்டரியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது "சேர்த்துடலாம்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு.

பேட்டரியை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. எட்டாம் வருடம் உத்தரவாதம்தான் முடிகிறது, பேட்டரி அல்ல. அதைக் கெடுப்பது வெப்பமும் ஓயாத வேகச் சார்ஜும். 2013-இல் இங்கே விற்பனைக்கு வந்த நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது. வெப்பமான ஊர்களில் அது சீக்கிரம் தேய்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இப்போது வரும் கார்கள் பெரும்பாலும் திரவக் குளிரூட்டலோடு வருகின்றன. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால் நூறு சதவீதம் வரை ஏற்றலாம். நிக்கல் சேர்ந்த வகை என்றால் அன்றாடத்துக்கு 80-இல் நிறுத்துங்கள்.

உங்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பேட்டரி மலிவாகிக்கொண்டே போகிறது. 2010 வாக்கில் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆன பேட்டரித் தொகுப்பு, 2024-இல் உலகச் சராசரியாக 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ரொக்கம் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. கடனில் வாங்கி வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை: புதுசு மலிவாகும்போது பழசும் கூடவே விழும், கடன் பாக்கியோ விழாது.

கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். உங்கள் பழைய கடனை இன்று அடைக்க ஏறக்குறைய 210,000 ரான்ட் வேண்டும். கொழுந்தனார் தருவது 150,000. பள்ளம் 60,000. அதைச் சேர்த்தால் புதுக் கடன் 600,000. 11% வட்டி, 72 மாதம், 30% பலூன் என்று போட்டால்தான் அவர் சொல்லும் 9,650 வருகிறது. பலூன் இல்லாவிட்டால் 11,420. அந்த வித்தியாசத்துக்காக ஆறு வருடத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் வட்டி ஏறக்குறைய 52,000. அதற்குப் பிறகும் 180,000 பலூன் வாசலில் நிற்கும். வழக்கம்போல நான்காம் வருடம் காரை மாற்றப் போனால் பாக்கி சுமார் 351,000. மின்கார் பாதி விலைக்கு, 270,000-க்குப் போனால் பள்ளம் 81,000. நாற்பது சதவீதத்துக்குத்தான் போனால் 135,000. அதையும் அடுத்த காரில் சேர்ப்பீர்களா?

பெட்ரோல் மிச்சம் இதை ஈடுகட்டுமா? மாதம் 1,200 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டர் 22 ரான்ட் என்றால் சுமார் 1,850 ஆகும். மின்காருக்குச் சார்ஜ் இழப்பையும் சேர்த்து 216 யூனிட் வேண்டும். வீட்டில் யூனிட் 3.20 ரான்ட் என்றால் 690. ஆனால் தெருவில் நிறுத்துபவர் பொதுச் சார்ஜருக்குத்தான் போக வேண்டும். அங்கே யூனிட் 7 ரான்ட் என்று வைத்தால் 1,510. மிச்சம் மாதம் 340. தவணை ஏறுவதோ 4,240. (பின்னாளில் வளாகத்துக்குள் இடம் கிடைத்தாலும் 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் வரை இழுக்கும். 60 ஆம்பியர் இணைப்பில் கீசரும் அடுப்பும் கூடவே ஓடினால் மெயின் விழும். எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.)

நான் சொல்வது இதுதான். அந்த 4,240-ஐ அடுத்த 24 மாதம் பழைய கடனிலேயே கூடுதலாகக் கட்டுங்கள். தேசியக் கடன் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் கூடுதலாகக் கட்டலாம். 119,000 பலூனில் சுமார் 114,000 கரைந்துவிடும். வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்: கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும், தவணையைக் குறைக்கக் கூடாது, முன்கூட்டிய தவணையாகவும் எழுதக் கூடாது. இரண்டாம் மாதமே ஸ்டேட்மென்ட் வாங்கி அசல் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மீதி 5,000 அளவையும் கட்டிவிட்டால், இரண்டு வருடம் கழித்து கார் உங்களுடையது. அதை விற்று வரும் பணம் முன்பணமாகும். அப்போது பயன்படுத்திய மின்கார் பார்த்தால் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைக் கேளுங்கள், முதல் பதிவுத் தேதியையும் பாருங்கள். உத்தரவாதம் அந்த நாளிலிருந்துதான் ஓடும். அப்போதும் தெருவில்தான் நிறுத்துவது என்றால், டர்பன் பிராஸ்பெக்டனில் தயாராகும் கொரோலா கிராஸ் போன்ற ஹைபிரிடே (பெட்ரோல் என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் கார்) உங்களுக்குப் பொருந்தும். அதற்குச் சார்ஜரே வேண்டாம். பேட்டரிக்குக் காற்று போகும் ஃபில்டரில் தூசி அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். திட நிலை பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த புது வகை) வரட்டும் என்று ஊரே பேசும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதை நம்பிக் கடனும் வாங்க வேண்டாம். கடைசியில் காரை இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று இப்போதே சொல்லும் "எதிர்கால விலைக்கு உறுதி" என்ற திட்டத்தைக் காட்டினால் கிலோமீட்டர் வரம்பையும் கீறலுக்குப் பிடிக்கும் தொகையையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கொழுந்தனார் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி: மறுக்காதீர்கள், ஒரு கொட்டேஷன் கேளுங்கள். பலூன் இல்லாமல், பழைய பாக்கி 60,000 தனி வரியில் தெரியும்படி, மொத்த வட்டியோடு. அந்தத் தாளை உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். தம்பியிடம் அண்ணன் பேசிக்கொள்ளட்டும்.