ஏற முடியாத குதிரையைச் சினைக்கு விடலாமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் ஒரு கத்தியவார் பெட்டைக் குதிரை வாங்கினேன். ஆறு வயது என்று சொல்லிக் கொடுத்தார்கள். குணமும் நடையும் அருமை. என் மகள் தனியாகவே ஏறிப் போவாள். ஆறு மாதமாக வலது முன்னங்காலில் நொண்டல் வந்து வந்து போகிறது. ஏறுவதை நிறுத்திவிட்டோம். இதுவரை குட்டி போட்டதில்லை. சும்மா நிற்கிற குதிரைதானே, சினைக்கு விடலாமா?

பதில்: சும்மா நிற்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம். அந்தக் கால் ஏன் நொண்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். கல் குத்தியோ, லாடம் அடிக்கும்போது ஆணி ஏறியோ வந்தது குட்டிக்குப் போகாது. காரணமே தெரியாமல் வந்து வந்து போகிறது என்றால் எனக்குக் காலின் அமைப்பு மேல்தான் சந்தேகம். சமதரையில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் நின்று, குளம்புக்கு மேலுள்ள பகுதி சாய்வில்லாமல் செங்குத்தாக இருக்கிறதா பாருங்கள். எதிரே நின்று, குளம்பு உள்பக்கம் திரும்பியிருக்கிறதா பாருங்கள். இந்த அமைப்பெல்லாம் குட்டிக்கு இறங்கக்கூடியவை. உங்கள் மகளை நம்பி ஏற்றிவிட்ட அந்த நடத்தையில் பாதி, பழக்கியவரின் கைவேலை, அது இறங்காது. சந்தையில் சுழி பார்க்கிற அளவுக்குக் கால் பார்க்கிறவர்கள் குறைவு, என்ன செய்வது!

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. சினைக்காலம் 11 மாதம். கடைசி மூன்று மாதம் குட்டி வேகமாக வளரும்போது அந்த வலிக்கிற காலும் சேர்ந்து சுமக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சரி, கால் பிரச்சினை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எட்டு வயதுக்கு மேல் பல்லைப் பார்த்துச் சொல்லும் வயது உத்தேசம்தான். உங்கள் ஒன்பது, பன்னிரண்டாகவும் இருக்கலாம். குட்டியே போடாத குதிரைக்கு வயது ஏற ஏறச் சினை பிடிப்பது சிரமம். கருப்பையை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. குட்டி பிறக்க ஒரு வருடம், அதன்மேல் ஆள் ஏற இன்னும் மூன்று நான்கு வருடம். அதுவரை தீனி, லாடம், பழக்குகிறவர் கூலி. மகள் ஏற ஒரு குதிரை வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், பழகிய குதிரையை வாங்குவதே மலிவு. இதன் குட்டிதான் வேண்டும் என்ற ஆசை என்றால் அது வேறு. ஆசைக்கு நான் கணக்குப் போட மாட்டேன்.

அப்படி முடிவெடுத்தால், ஆண் குதிரையின் நிறத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். இரண்டுக்கும் கிளாண்டர்ஸ் (குதிரைகளுக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய்), தொற்று ரத்தசோகை பரிசோதனை முடிந்த பிறகே சேர்க்கை. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வந்து ஐந்தாறு நாள் நிற்கும். கருமுட்டை கடைசி ஓரிரு நாளில்தான் வெளிவரும். முதல் நாளே சேர்த்துவிட்டுத் திரும்பினால் பலன் குறைவு. சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் கட்டாயம். குதிரைக்கு இரட்டைக் கரு தங்கினால் பெரும்பாலும் சிதைவில்தான் முடியும். அந்த நாட்களிலேயே கண்டுபிடித்தால் மருத்துவர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்றலாம்.