தூக்கித்தான் படுக்க வைக்கணுமா?

கேள்வி: எங்க அக்கா முதுகுத்தண்டுல அடிபட்டு 6 வருஷமா வீல்சேர்ல இருக்காங்க மேடம். போன மாசம் வயித்து ஸ்கேனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், டேபிள் உயரமா இருந்துச்சு, ரெண்டு பேர் வந்து சொல்லாம கொள்ளாம கைய கால புடிச்சு தூக்கிட்டாங்க, யூரின் டியூப் இழுபட்டு மறுநாள் ரத்தமே வந்துச்சு. டாக்டரும் எல்லாத்தையும் எங்கிட்டயே கேட்டாரு. இப்ப ஆஸ்பத்திரின்னாலே அக்கா வர மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: படிச்சதும் மனசு கனத்துப் போச்சும்மா. நானும் போலியோ வந்து காலிபர் போட்டு நடக்கறவதான், நம்ம உடம்ப நம்மள கேக்காம தொடும்போது வர்ற கூச்சம் எனக்குத் தெரியும். அக்கா பிடிவாதம் புடிக்கல, பயந்து போயிருக்காங்க.

இது யாரோ செய்யற தயவு இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 25-வது பிரிவுல, அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்ல தனியார் ஆஸ்பத்திரிலயும் எல்லா இடத்துக்கும் தடையில்லாம போய்வர வசதி வேணும், சிகிச்சையில முன்னுரிமை வேணும்னு இருக்கு. வாசல்ல சாய்தளம் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க, அதையும் சறுக்குமரம் மாதிரி போட்டிருப்பாங்க (1 அடி ஏற 12 அடி நீளமாவது வேணும்), ஆனா உங்க அக்காவுக்கு சிக்கல் வாசல்ல இல்லையே, டேபிள் பக்கத்துலல்ல இருக்கு.

அதனால முந்தின நாளே போன் பண்ணி, ஏத்தி இறக்குற டேபிள் இருக்கான்னு கேளுங்க. இல்ல, தூக்கித்தான் ஆகணும்னா, எப்படித் தூக்கினா வசதின்னு முதல்ல அக்காகிட்ட கேக்கணும். வீல்சேர் பிரேக் போட்டு, ஃபுட்ரெஸ்ட்ட மடக்கி, யூரின் பேக்க நீங்க கையில வாங்கிக்கிட்ட பிறகுதான் யாரும் தொடணும், படுத்ததும் பேக்க இடுப்புக்குக் கீழயே தொங்க விடுங்க, மேல போனா யூரின் திரும்பி உள்ள ஏறிடும். கெட்டியான ஸ்ட்ரெச்சர்ல ரொம்ப நேரம் காக்க வைக்கவும் விடாதீங்க, உணர்ச்சி இல்லாத இடத்துல படுக்கைப்புண் சத்தமில்லாம வந்துடும்.

நடந்தத எழுதி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் குடுங்க, அசையலன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கிட்ட போங்க.

அக்காகிட்ட வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் பத்திச் சொல்லுங்க. 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்தும், வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணவங்க.

அப்புறம் அந்த டாக்டர் உங்களப் பாத்துக் கேட்டா பதில் சொல்லாம அக்கா முகத்தப் பாருங்க, அவரும் தானா அங்க திரும்புவாரு.