கார் யாருடையது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய கார்களோடு விளையாட்டு வீரர்கள் எடுத்துக்கொண்ட படங்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வருகிறேன். பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள். பேஸ்பால் ஆட்டக்காரர், குத்துச்சண்டை வீரர், சைக்கிள் பந்தயக்காரர் என்று எல்லாரும் திறந்த காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். 1985இல் மெல்போர்னில் ரவி சாஸ்திரிக்குப் பரிசாகக் கிடைத்த ஆடி காரில் நம் அணியே தொற்றிக்கொண்டு போனது நினைவுக்கு வருகிறது. அந்தப் பழைய படங்கள் வெறும் பகட்டுதானா? தேதி குறிக்காத படங்களின் காலத்தை எப்படிக் கணிப்பது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பகட்டும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட படம் கைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, இந்தக் கார் யாருடையது என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் படத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஹென்றி ஃபோர்டு நிற்க, பார்னி ஓல்டுஃபீல்டு ‘999’ என்ற பந்தயக் காரில் அமர்ந்திருக்கும் படம் உங்களிடம் கட்டாயம் இருக்கும். இன்ஜினுக்கு மூடி கிடையாது, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பும் ஒரு கம்பி. ஓல்டுஃபீல்டு சைக்கிள் பந்தயக்காரர். அந்தக் காருக்குப் பணம் போட்ட டாம் கூப்பரும் சைக்கிள் சாம்பியன்தான். 1902 அக்டோபரில் ஓல்டுஃபீல்டு அதை ஓட்டி ஜெயிப்பதற்குச் சில வாரம் முன்பே ஃபோர்டு தன் பங்கைக் கூப்பரிடம் விற்றிருந்தார். ஜெயித்தது கூப்பரின் கார், பேர் வாங்கியது ஃபோர்டு. படத்தில் கூப்பர் இல்லை.

உங்கள் கேள்விக்கு முழுப் பதில் 1910இல் இருக்கிறது. ஹியூ சால்மர்ஸ் என்பவர் டெட்ராய்ட்டில் கார் தயாரித்து வந்தார். அதற்கு முன் கடைகளுக்குக் கல்லா இயந்திரம் விற்ற நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர், விற்பனையின் நெளிவுசுளிவெல்லாம் அத்துப்படி. அந்த ஆண்டு பேஸ்பாலில் மிக உயர்ந்த அடி சராசரி, அதாவது மட்டை பிடித்த தடவைகளில் எத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார் என்ற விகிதம், எடுப்பவருக்கு ஒரு சால்மர்ஸ் கார் பரிசு என்று அறிவித்தார். போட்டி இருவருக்குள் வந்து நின்றது. ஒருவர் டெட்ராய்ட் அணியின் டை காப், மகா திறமைசாலி, எதிரணியும் சொந்த அணியும் ஒருசேர வெறுத்த மனிதர். மற்றவர் கிளீவ்லண்டின் நாப் லாஜோய். அவர்மேல் இருந்த பிரியத்தில் அணிக்கே ‘நாப்ஸ்’ என்றுதான் பெயர்.

முன்னிலை உறுதி என்ற தெம்பில் காப் கடைசி ஆட்டங்களில் இறங்கவில்லை. அக்டோபர் 9, செயின்ட் லூயிஸ். லாஜோய்க்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். எதிரணி மேலாளர் ஜாக் ஓ'கானர், மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொடவேண்டிய இடங்களில் ஒன்று) காக்கும் ரெட் காரிடன் என்ற புதுப் பையனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். லாஜோய் மட்டையை வீசாமல் பந்தை அந்தப் பக்கமாக மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். தட்டினார், ஓடினார், திரும்பத் திரும்ப. பையன் ஓடிவந்து பந்தை எடுப்பதற்குள் அவர் பேஸில் நிற்பார். அன்று அவருக்கு எட்டு ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது), பெரும்பாலும் இப்படி வந்தவை. காப்புக்குக் கார் போகக்கூடாது என்று எதிரணியே வேலை செய்திருக்கிறது. ஓ'கானர் வேலையை இழந்தார்.

லீக் தலைவர் பான் ஜான்சன் கணக்குப் பார்த்து, காப்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆயிரத்துக்கு 385, லாஜோய்க்கு 384. சால்மர்ஸ் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டார். இந்தச் சண்டை பத்திரிகைகளில் வாங்கித்தந்த விளம்பரத்துக்கு இரண்டாவது கார் ஒரு செலவே இல்லை. காப்பும் லாஜோயும் ஒரே சால்மர்ஸ் காரில் உட்கார்ந்திருக்கும் படம் அப்போது எடுத்தது. கதை தெரியாதவருக்கு அது இரண்டு நண்பர்களின் உல்லாசப் பயணம் போலத்தான் தெரியும்.

அப்புறம், 1981இல் பழைய பதிவேடுகளைத் துருவியதில், காப்பின் ஒரு ஆட்டம் இரண்டு முறை ஏறியிருந்தது வெளியே வந்தது. அதைக் கழித்தால் லாஜோய்தான் முதல்வர். அதற்குள் இருவரும் இறந்துபோயிருந்தார்கள். பேஸ்பால் ஆணையர் தீர்ப்பை மாற்ற மறுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கில் பிழை என்று தெரிந்த பிறகு அதைக் கட்டிக்காப்பது வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தட்டிவிட்டு வாங்கிய ஹிட்களைச் சுட்டி லாஜோயைக் குறை சொல்பவர்கள் உண்டு. காரிடனைப் பின்னால் நிறுத்தியது அவரில்லையே.

இந்தக் கார்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்தவை. அதே அக்டோபரின் இன்னொரு கதையில் கார் வீரருக்கே சொந்தம். ஜாக் ஜான்சன், ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆன முதல் கறுப்பினத்தவர். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று ரீனோவில் வெள்ளையரான முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அவர் வீழ்த்தியதும் பல நகரங்களில் கலவரம் வெடித்து, கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். அவருக்குக் கார் என்றால் உயிர், வேகத்துக்காக ஊர் ஊராக அபராதம் கட்டியவர். அக்டோபர் 25 அன்று புரூக்ளினின் ஷீப்ஸ்ஹெட் பே குதிரைப் பந்தயத் திடலில் அதே ஓல்டுஃபீல்டோடு மோதித் தோற்றார். தொழில்முறை ஓட்டுநரிடம் தோற்பதில் வெட்கமில்லை. ஆனால் அவரோடு ஓட்டியதற்காக ஓல்டுஃபீல்டை அமெரிக்க மோட்டார் சங்கம் தடை செய்தது.

அதனால்தான் ஸ்டியரிங் பிடித்து ஜான்சன் உட்கார்ந்திருக்கும் படங்களைப் பகட்டு என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அன்றைய அமெரிக்காவில் அந்த இருக்கையில் ஒரு கறுப்பினத்தவரைக் கண்டால் யாரோ ஒரு முதலாளியின் டிரைவர் என்றுதான் நினைப்பார்கள். அவரோ உரிமையாளராக கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார். நான் பார்த்த கார்ப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

சரி, காலக் கணிப்பு. முதலில் டயரைப் பாருங்கள். ரப்பரில் கரித்தூள் சேர்க்கும் வழக்கம் பரவுவதற்கு முன் டயர்கள் வெளுப்பாக இருந்தன. அப்படி இருந்தால் படம் பெரும்பாலும் 1910களுக்குப் பிந்தையதாக இராது. அடுத்து முன்புறம் பாருங்கள். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி இருப்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். 1912 மாடல் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகும் பல ஆண்டுகள் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பித்தளை விளக்கும், முன் இருக்கைக்குக் கதவு இல்லாததும் சேர்ந்து வந்தால் 1912க்கு முந்தையது என்று ஓரளவு நம்பலாம். ஓடும் காரின் சக்கரம் முட்டை வடிவில் சாய்ந்து தெரிந்தால் அச்சுப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அக்காலப் பத்திரிகை கேமராவின் திரையில் இருந்த குறுகிய இடைவெளி மேல்கீழாக நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதியும், அதற்குள் சக்கரம் நகர்ந்துவிடும்.

அன்புடன்.